பூண்டு காய்ந்த பள்ளிக்கூடம்

பள்ளிக் கட்டடங்கள் பற்றிய நிலையாணையில் ஓர் உட்பிரிவு இருந்தது. மாதிரி வரைபடம் உள்ளூர்த் தட்பவெப்பத்துக்குப் பொருந்தாத இடங்களில், காரணத்தை எழுத்தில் பதிவு செய்து, உரிய அதிகாரியின் முன் அனுமதி பெற்று, அதில் மாறுதல் செய்துகொள்ளலாம் என்பது அதன் சாரம். இதை எழுதிய புண்ணியவான் யாரென்று தெரியாது. ஒரு மார்கழியாவது மலையில் கிடந்து விறைத்தவராக இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து எங்கள் பஞ்சாயத்து யூனியனில் அந்த உட்பிரிவை முழுக்கப் படித்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர் ஒரு வாத்தியாரம்மா. படித்ததால் இருவருக்கும் ஒரு நன்மையும் விளையவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. இந்த வருஷம் மனிதன் சந்திரனில் இறங்கிவிட்டான். பழனியில் எங்கள் தெரு வாசகசாலையில் பத்திரிகையைச் சுற்றிக் கூட்டம். சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்குப் படிக்கிற பையன்கள் என்னிடம் வந்து, "இனிமே எல்லாமே விஞ்ஞானம்தான் சார், நாடு எங்கேயோ போகப்போகுது" என்கிறார்கள். மேடை ஏறுகிறவர்களோ, எந்தக் கட்சியானாலும், கல்விதான் கண் என்கிறார்கள். கட்சி மாறினாலும் அந்த வாக்கியம் மாறவில்லை. இந்தப் பையன்களில் பாதிப் பேர் ஏதாவது ஓர் ஆபீசில் நான் உட்கார்ந்த மாதிரியான நாற்காலியில் உட்காரப் போகிறார்கள். சந்திரனைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. கோடைக்கானல் மலையில், பூண்டிக்கு மேலே ஓர் ஊரில் நடந்ததைச் சொல்ல முடியும்.

கொட்டகையில் பள்ளிக்கூடம்

கோடைக்கானல் பஞ்சாயத்து யூனியன் அறுபதுகளின் தொடக்கத்தில் வந்தபோது நான் அதில் தலைமை எழுத்தர். "கொஞ்ச நாள் இருங்க, கீழே போட்டுடலாம்" என்று சொல்லி என்னை மேலே அனுப்பிய அதிகாரி ஓய்வு பெற்று, காசிக்கும் போய்வந்துவிட்டார். நான் போன வருஷம்தான் கீழே இறங்கினேன்.

நான் சொல்லும் ஊர் பூண்டியைத் தாண்டி, போளூர்த் தடத்திலிருந்து விலகி, ஒரு சரிவில் இருக்கிறது. பெயர் எழுதவில்லை. அங்கே இருப்பவர்கள் இன்னும் ஏதோ ஒன்றுக்கு மனுப் போட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்; என்னால் அதற்குக் கெடுதல் வரவேண்டாம். ஜீப் பாதி வழிதான் போகும். அப்புறம் பூண்டு மூட்டை சுமக்கிற குதிரைகளின் தடம்.

பள்ளி அங்கே முன்பே இருந்தது. கட்டடம்தான் இல்லை. அந்தப் பக்கத்தில் ஊர்த் தலைவரை மன்னாடி என்பார்கள். அவர் தம்முடைய பூண்டுக் கொட்டகையைப் பள்ளிக்கு விட்டிருந்தார். கல்லும் மண்ணும் குழைத்துக் கட்டிய தடித்த சுவர், குனிந்து நுழைகிற வாசல், மலைப்புல் கூரை, நடுவில் ஓர் அடுப்புக் குழி. மலைப்பூண்டைப் பிடுங்கியதும் முதலில் காற்றில் உலர்த்துவார்கள். பிறகு கட்டுக் கட்டாக அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகை ஏற்றுவார்கள். புகை ஏறிய பூண்டு அடுத்த விதைப்பு வரை கெடாது. அந்தப் புகைக்கு அடியில் உட்கார்ந்துதான் பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னார்கள்.

வாத்தியாரம்மா பெயர் பாக்கியம். பேத்துப்பாறையில் கூலி வேலை செய்த குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவர். அந்த மலையில் வாத்தியார்கள் நிலைப்பதில்லை. சேர்ந்த மறுநாளே மருத்துவச் சான்றிதழோடு இறங்கிவிடுவார்கள். பாக்கியம் டீச்சர் தாயாரையும் கூட்டிக்கொண்டு போய் அங்கேயே குடியிருந்தார். ஒருமுறை சம்பளம் வாங்க வந்தபோது, "புகை கண்ணைக் கெடுக்காதாம்மா?" என்று கேட்டேன்.

"கண்ணு எரியத்தாங்க செய்யுது. ஆனா வெரலு மடங்குதுல்ல சார். வெரலு மடங்குனாத்தான சிலேட்டுக் குச்சி பிடிக்க முடியும்" என்றார்.

காற்றுக்குச் சாங்ஷன்

பிறகு கட்டடத்துக்குச் சாங்ஷன் வந்தது. மாதிரி வரைபடம் சென்னையிலிருந்து வந்தது. நிலதானப் பத்திரத்தைச் சரிபார்க்க ஓவர்சியரோடு நானும் மேலே போனேன். அவர் வரைபடத்தை ஒரு பாறைமேல் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்தார். மன்னாடி குனிந்து பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் சுவர் தெரியும்.

"ஏஞ்சாமி, செவரு இடுப்போட நிக்குதே. மிச்சத்த எப்பக் கட்டுவீங்க?"

"அவ்வளவுதாங்க. அதுதான் டிசைன். அரைச்சுவர். மேலே தெறந்துதான் கெடக்கும். பிள்ளைகளுக்குக் காத்தோட்டம் வேணும்ல?"

மன்னாடி நிமிர்ந்து, சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "ஏலே, கேட்டீகளா? நம்ம ஊருக்குக் காத்து சாங்ஷன் ஆயிருக்காம்டா. இம்புட்டு நாளா காத்தில்லாமத்தான கெடந்தோம்."

எல்லாரும் சிரித்தார்கள். ஓவர்சியரும் சிரித்தார். அவர் கெட்டவர் அல்ல. திரும்பி வரும்போது என்னிடம் சொன்னார்: "சார், இது ராமநாதபுரத்து வெயிலுக்குப் போட்ட ப்ளான்னு எனக்குத் தெரியாதா? கூட ஒரு வரி கல்லு வச்சாலும் ஆடிட்ல வருவான். டீவியேஷன்னு எழுதுவான். என் பென்ஷன்ல பிடிப்பான்."

"அனுமதி கேட்கலாமே. உட்பிரிவு இருக்கிறது."

"கேளுங்க. பதில் வர்றதுக்குள்ள மார்ச் முடிஞ்சிரும். கிராண்ட் லாப்ஸ் ஆயிரும். அப்புறம் சேர்மன் ஒங்க தோலையும் உரிப்பாரு, என் தோலையும் உரிப்பாரு."

இளைஞர்கள் இந்த மார்ச் மாதத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் விதைப்புக்கும் அறுப்புக்கும் தை, ஆடி எல்லாம் இருக்கலாம். சர்க்காருக்கு ஒரே மாதம்தான். பணம் அந்த மாதத்துக்குள் செலவாகாவிட்டால் திரும்பிப் போய்விடும். பொருந்தாத கட்டடம் கட்டினால் யாரும் கேட்க மாட்டார்கள். கட்டாமல் விட்டால் எல்லாரும் கேட்பார்கள். ஆகவே கட்டினார்கள். நன்றாகவே கட்டினார்கள். சிமெண்டுத் தரை, இடுப்புயரச் சுவர், அதற்கு மேலே தூண்கள், ஓடு. ராமநாதபுரத்தில் வைத்திருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார்கள்.

திறப்பு விழா

எங்கள் யூனியன் சேர்மனுக்குக் கீழ்மலையில் காப்பித் தோட்டம். விஞ்ஞானத்தில் நம்பிக்கை அதிகம். பள்ளிக்கு ஒரு பாட்டரி ரேடியோவும் கொண்டுவந்தார். அதன் ஏரியல் கம்பியைத் தூணுக்குத் தூண் இழுத்துக் கட்டினார்கள்.

சேர்மன் பேச எழுந்ததும் பள்ளத்திலிருந்து மேகம் ஏறியது. மூடிய அறையானால் வெளியே நின்றிருக்கும். இது அரைச்சுவர், உள்ளே வந்து எல்லாருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது. சேர்மன் மறைந்தார். குரல் மட்டும் கேட்டது.

"இனிமே நம்ம பிள்ளைக டெல்லில பேசறத இங்கன இருந்தே கேக்கும்! லண்டன்ல பேசறத கேக்கும்! இது விஞ்ஞான யுகம்!"

கைதட்டல் வேறு திசையில் கேட்டது. பின்னாலிருந்து ஒரு கிழவர், "சேர்மனு அந்தப் பொட்டிக்குள்ள போயிட்டாரா?" என்று உண்மையாகவே விசாரித்தார். ரேடியோவைத் திருகினார்கள். அது கொஞ்ச நேரம் இரைந்துவிட்டு, சிங்களமோ என்னவோ பேசியது. அதற்கும் கைதட்டினார்கள். பாட்டரி தீர்ந்ததும் கோடைக்கானலுக்கு எழுதி வேறு பெற்றுக்கொள்ளலாம் என்று உத்தரவு இருந்தது. தீர்ந்தது, எழுதினார்கள். அது தனிக் கதை. அதற்கு முடிவும் இல்லை.

முதல் குளிர்

ஐப்பசி மழையிலேயே சாரல் கரும்பலகை வரை அடித்தது. மார்கழியில் காலை நேரத்தில் சிமெண்டுத் தரையில் கால் வைக்க முடியவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குச் செருப்புக் கிடையாது. போர்வை ஒன்றை இரண்டு பேர் போர்த்திக்கொண்டு வருவார்கள். அடுப்பு மூட்டலாம் என்றால், வகுப்பறையில் தீ வளர்க்கக் கூடாது என்பது விதி. பழைய கொட்டகைக்குப் போகலாம் என்றால், சொந்தக் கட்டடம் இருக்கும்போது வேறிடத்தில் பள்ளி நடத்தக் கூடாது என்பதும் விதி. வருகை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் ஆசிரியர் பணியிடத்தையே எடுத்துவிடலாம் என்பது மூன்றாவது விதி. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமானது.

பாக்கியம் டீச்சர் வெள்ளனே கிளம்பி நடந்து, மதியம் ஆபீசுக்கு வந்தார்.

"சார், பாதிப் பிள்ளைக வரலை. வந்ததுக இருமுதுக. மன்னாடி சொல்றாரு, ஊர்க்காரவுக சேந்து கல்லு மண்ணு வச்சு மிச்சச் செவத்த ஏத்திருவாகளாம். காசு வேண்டாமாம். ரெண்டு மூணு நாள் சோலிதான்னு சொல்றாரு. செய்யலாமா?"

"செய்யக் கூடாது. சர்க்கார் கட்டடத்தில் அனுமதியில்லாமல் கை வைத்தால் குற்றம்."

"செய்யாம இருந்தா?"

"குற்றமில்லை."

நான் நிலையாணைப் புத்தகத்தை எடுத்து அந்த உட்பிரிவைக் காட்டினேன். நின்றபடியே படித்தார்; திரும்பவும் படித்தார். "நமக்காகவே எழுதுன மாதிரி இருக்கே சார்" என்றார். அவர் முகத்தில் அன்று கண்ட நம்பிக்கையை நினைத்தால் இன்றும் அந்தப் புத்தகத்தின்மேல் கோபம் வருகிறது.

மனுவை நானே எழுதி யூனியன் கமிஷனர் கையெழுத்தோடு அனுப்பினேன். காரணம் பதிவு செய்யப்பட்டிருந்தது. உரிய வழியாகத்தான் போனது. உட்பிரிவு எண் சிவப்பு மையில் இருந்தது. மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது: அந்த இடத்தின் வெப்பநிலை விவரம் எங்கே? கோடைக்கானலில் வானிலை குறிக்கும் இடத்தில் கேட்டு வாங்கி அனுப்பினேன். அது கோடைக்கானலின் வெப்பநிலை, சம்பந்தப்பட்ட ஊரின் வெப்பநிலை அல்ல என்று திருப்பி அனுப்பினார்கள். தவறென்று சொல்ல முடியாது. ஊரில் வெப்பநிலை குறிக்கக் கருவி இல்லை. கருவி கேட்டு ஒரு மனு எழுதினேன்.

இடமாற்றம்

அந்த வருஷம் பூண்டு எடுக்கிற நேரத்தில் விடாத மழை. வெளியே உலர்த்த வழியில்லை. பிடுங்கிய பூண்டு அழுகத் தொடங்கியது. பூண்டு போனால் அந்த ஊருக்கு வேறு ஒன்றுமில்லை. அப்போதுதான் மன்னாடிக்கு ஒரு யோசனை தோன்றியது. அதைப் பாக்கியம் டீச்சர் சம்பள நாளில் வந்து என்னிடம் சொன்னார்.

"சார், ஒங்ககிட்ட மட்டும் சொல்றேன். எடத்த மாத்திக்கிட்டோம்."

"எதை?"

"புதுக் கட்டடத்துல பூண்டத் தொங்கவிட்டாச்சு. ஓட்டுக் கூர, நாலு பக்கமும் காத்து. அருமையா உலருது. கொட்டகை சும்மா கெடந்துச்சா, பிள்ளைகள அங்க கொண்டு போயிட்டேன். மன்னாடி சொல்றாரு, மெட்ராசுல யாரோ பூண்டு வெவசாயம் தெரிஞ்ச ஆளுதான் இந்த ப்ளானப் போட்டிருக்கணுமாம்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பிறகு பயம் வந்தது. "எழுதிக் கேட்காமல் செய்யலாமா அம்மா?"

"எழுதிக் கேட்டா பதில் வருமா?"

"வராது."

"அப்பக் கேட்டாச்சுன்னு வச்சுக்கங்க."

வருகை ஏறியது. போளூர்த் தடத்திலிருந்துகூட இரண்டு பெண் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். பூண்டு அழுகவில்லை. அரசாங்கம் செலவு செய்த கட்டடம் ஒன்று முழுமையாகப் பயன்பட்டதை என் சர்வீசில் நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

மாதிரிப் பள்ளி

சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி சுற்றுப்பயணம் வந்தார். மலை உச்சியில் ரேடியோ உள்ள பள்ளியைக் காட்டியே தீருவது என்று சேர்மன் முடிவு செய்தார். முன்கூட்டிச் சொல்லியனுப்பவில்லை, திடீரென்று போனால்தான் பள்ளியின் அழகு தெரியும் என்பது அவர் எண்ணம். அதிகாரியை மட்டக் குதிரையில் ஏற்றி, நாங்கள் பின்னால் நடந்தோம்.

கட்டடத்தில் பிள்ளைகள் இல்லை. ஏரியல் கம்பி முழுவதும் பூண்டுக் கட்டுகள். ரேடியோப் பெட்டிமேல் விதைப்பூண்டைப் பரப்பியிருந்தார்கள். அதிகாரி சுற்றிப் பார்த்துவிட்டு, "இது எந்த வகுப்பு?" என்று கேட்டார். சேர்மன் முகம் கருத்தது.

பக்கத்துக் கொட்டகையில் பிள்ளைகள் பதின்மூன்றாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி குனிந்து உள்ளே போனார். இருமிக்கொண்டே வெளியே வந்தார். ஆனால் மறுபடியும் உள்ளே போய், அடுப்பருகில் கையை நீட்டிக் குளிர் காய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அதை நான் பார்த்தேன். பிறகு அறிக்கையில் அவர் அதை எழுதவில்லை.

சேர்மன் டீச்சரை வெளியே அழைத்தார்.

"ஏம்மா, சர்க்காரு கட்டடத்துல பூண்டு, பூண்டுக் கொட்டகையில பிள்ளைக. ஒனக்கு மூளை கீளை கொழம்பிருச்சா?"

"பூண்டு அழுகலைங்க. பிள்ளைகளும் இருமலைங்க."

"எதுத்தாப் பேசற?"

மன்னாடி நடுவில் வந்தார். "நாந்தாங்க மாத்தச் சொன்னேன். அந்தப் பிள்ளைய விட்ருங்க. தண்டிக்கறதுன்னா என்னையத் தண்டிங்க. சஸ்பெண்டோ என்னமோ சொல்வீகளே, அத எனக்குப் பண்ணுங்க."

"ஒன்னைய எதுல இருந்துய்யா சஸ்பெண்டு பண்றது?"

மன்னாடி யோசித்தார். "அதானே" என்றார்.

அடுத்த வாரம் கமிஷனர் கையெழுத்தில் பாக்கியம் டீச்சருக்குத் தற்காலிகப் பணி நீக்கம் வந்தது. சர்க்கார் கட்டடத்தைத் தனியார் விளைபொருளுக்குப் பயன்படுத்த அனுமதித்தது, அங்கீகாரமற்ற இடத்தில் பள்ளி நடத்தியது, வகுப்பறையில் தீ வளர்த்தது என்று மூன்று குற்றச்சாட்டுகள். மூன்றும் உண்மை.

பதிலுக்குக் காத்திருத்தல்

அவருடைய விளக்கத்தை எழுத நான் உதவினேன். தலைமை எழுத்தர் அப்படி உதவக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் செய்தேன். விளக்கம் தெளிவானது. உட்பிரிவின் கீழ் அனுமதி கோரப்பட்டிருக்கிறது, அது நிலுவையில் இருக்கிறது, இடைக்காலத்தில் பிள்ளைகளின் உடல்நலம் கருதி இடம் மாற்றப்பட்டது. எந்த நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டிருக்கும்.

ஆனால் கட்டடம் ஒரு துறை, கல்வி ஒரு துறை, ஊழியர் ஒழுங்கு ஒரு துறை. ஒவ்வொரு துறையும் மற்ற இரண்டின் கருத்தை அறிந்த பிறகே தன் கருத்தைச் சொல்லும். மூவரும் மிக மரியாதையாக ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டு நின்றார்கள். நினைவூட்டு எழுதினேன். அதற்கு நினைவூட்டு எழுதினேன். இடையில் மொழிப் போராட்டம் வந்தது. கடைகள் மூடின, மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், பிணங்கள் விழுந்தன. அதெல்லாம் அடங்கிய பிறகு எங்கள் ஃபைல் திரும்பி வந்தது: ஆங்கிலத்தில் உள்ளது, தமிழில் அனுப்பவும். தமிழில் மாற்றி அனுப்பினேன். எனக்கு மகிழ்ச்சிதான், தமிழில் அந்த விளக்கம் இன்னும் நன்றாக இருந்தது. சில மாதம் கழித்து, சட்டக் கருத்துக்காக ஆங்கில நகல் கேட்டார்கள்.

மேலே பள்ளி நடக்கவில்லை. மாற்று ஆசிரியர் ஒருவரை அனுப்பினோம். விதிப்படி அவர் அரைச்சுவர்க் கட்டடத்தில் காத்திருந்தார். பிள்ளைகள் வரவில்லை. மருத்துவச் சான்றிதழ் அனுப்பினார். அடுத்தவர் ஊர் வரை போகவே இல்லை. ஜீப் நிற்கிற இடத்திலேயே உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. மூன்றாவது விதி அப்போது தானாக வேலை செய்தது. பணியிடத்தை எடுத்துவிட்டார்கள்.

பாக்கியம் டீச்சர் ஒருநாள் ஒரு தாளோடு வந்தார். கோடைக்கானலில் ஒரு போர்டிங் பள்ளியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்கிறார்களாம்.

"போலாமா சார்?"

"சஸ்பென்ஷனில் இருப்பவர் வேறு வேலை பார்க்கக் கூடாது."

"சரி, அப்ப ராஜினாமா எழுதிக் குடுத்துர்றேன்."

"குற்றச்சாட்டு நிலுவையில் இருக்கும்போது ராஜினாமாவை ஏற்க முடியாது."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். கோபம் இல்லை. "வேலையும் பாக்கக் கூடாது, விட்டுட்டும் போகக் கூடாது. நல்லா யோசிச்சுத்தான் கட்டியிருக்காக சார். இதுல அரைச்சுவரே இல்ல."

இப்படிச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனவர் நீண்ட நாள் வரவில்லை. கடைசியாக வந்தபோது மழைக்காலம். தாயார் இறந்திருந்தார். ஒரு துணி மூட்டை கையில் இருந்தது.

"மூணாறுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல, வேலைக்குப் போறவுக பிள்ளைகளப் பாத்துக்கற கொட்டடி இருக்காம். ஆயா வேலை. கவுஞ்சித் தடத்துல நடந்தே போயிரலாம்னாக. ஒங்ககிட்டச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"தலைமையிடத்தை விட்டுப் போக அனுமதி வாங்க வேண்டும்" என்றேன். பழக்கம்.

"நான் வந்தது ஒங்களுக்குத் தெரியாது சார்."

"தெரியாது" என்றேன்.

வாசல் வரை போய்த் திரும்பினார். "மேல போயிருந்தேன். அஞ்சாவது முடிக்க வேண்டிய பிள்ளைக எல்லாம் வாட்டில் மரக் காட்டுல தோல் ஷாப்புக்குப் பட்டை உரிக்குதுக. வெரசா உரிச்சாத்தான் கூலியாம். அந்தச் செல்லம்மா, வாய்ப்பாட்டுல யாரும் கிட்டக்க நிக்க முடியாது பாருங்க, அவ பட்டைக்கட்டுமேல கரித்துண்டால தம் பேர எழுதி வச்சிருக்கா. கட்டு மாறிறக் கூடாதுல்ல. கூட இருக்கறவுகளுக்கும் அவதான் எழுதிக் குடுக்கறாளாம்." மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "நான் சொல்லிக் குடுத்தது அம்மட்டுக்காச்சும் ஒதவுச்சு" என்றார். போய்விட்டார்.

கற்றது

பிறகு தேர்தல் வந்தது. ஆட்சி மாறியது. எங்கள் சேர்மன் வேட்டியின் கரையை மாற்றினார், வேட்டி அதேதான். ஊர் மக்கள் எல்லாம் மாறும் என்று நம்பினார்கள். நானும் ஒரு மாதம் நம்பினேன். அதற்கு என் வயதில் யாரும் மன்னிப்புத் தரமாட்டார்கள். புதிய ஆட்சியில் யூனியன் நிறைவேற்றிய முதல் தீர்மானங்களில் ஒன்று, பயன்படாமல் கிடக்கும் அந்தப் பள்ளிக் கட்டடத்தை ஊர்ப் பூண்டு விவசாயிகளுக்கு உலர்களமாக ஒதுக்குவது. சேர்மனே போய்த் திறந்துவைத்தார். இயற்கைக் காற்றைப் பயன்படுத்தும் விஞ்ஞான முறை என்று பேசினார். பாக்கியம் டீச்சர்மேல் இருந்த முதல் குற்றச்சாட்டு அன்று அரசாங்கத் திட்டம் ஆயிற்று. சேர்மனுக்கு மாலை போட்டார்கள். மன்னாடி அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை.

நான் கற்ற பாடம் என்ன என்று அந்தப் பையன்கள் கேட்பார்கள். இந்தக் கதையில் கொடியவர் யாரும் இல்லை. ஓவர்சியர் ஆடிட்டுக்குப் பயந்தார். ஆடிட்டர் தம் மேலதிகாரிக்குப் பயந்தார். சேர்மன் உண்மையிலேயே பிள்ளைகள் லண்டனைக் கேட்க வேண்டும் என்று விரும்பினார். சென்னை அதிகாரி அடுப்பில் குளிர் காய்ந்தார். நடைமுறையில் ஒரு பிழையும் இல்லை. ஃபைலை இன்று எடுத்துப் பார்த்தாலும் தாள்கள் வரிசையாக இருக்கும். குளிர்கிற இடத்தில் இருந்தவர்களுக்குச் சுவர் எழுப்ப அதிகாரம் இல்லை. அதிகாரம் இருந்தவர்களுக்குக் குளிரவில்லை. இந்த இரண்டையும் ஓரிடத்தில் வைக்கிற கட்சியை நான் இன்னும் பார்க்கவில்லை. அப்படி ஓர் இயந்திரமும் கண்டுபிடிக்கப்படவில்லை. சந்திரனுக்குப் போனவன் அங்கிருந்து கல் கொண்டுவந்திருக்கிறானாம். அந்த ஊர்க்காரர்களிடம் கல் இருந்தது, மண் இருந்தது, கையும் இருந்தது. அந்தக் கல்லை அரைச்சுவர்மேல் வைக்கத்தான் யாராலும் அனுமதி கொடுக்க முடியவில்லை.

பதில் வராமல் இல்லை. சென்னையிலிருந்து பதிவுத் தபாலில், நல்ல தமிழில், முத்திரையோடு வந்தது. ஆசிரியை பாக்கியத்தின் விளக்கம் திருப்திகரமாக இருப்பதால் குற்றச்சாட்டுகள் கைவிடப்படுகின்றன. குளிர்காலத்தில் பள்ளியைப் பழைய கொட்டகையில் நடத்துவதற்கு ஆட்சேபணை இல்லை. ஊர் மக்கள் தங்கள் செலவில் சுவரை உயர்த்திக்கொள்ளலாம். ஆசிரியை உடனே அதே பள்ளியில் பணியில் சேர வேண்டும். சேரத் தவறினால் பணியைக் கைவிட்டவராகக் கருதப்படுவார். பெற்றுக்கொண்டதற்கு நான்தான் கையெழுத்திட்டேன். நான் ஓய்வு பெற்ற வருஷம், 1968, பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள்.